கைலாசநாதன் ஏற்றச் சொன்ன சூடம்

ஐயனார் முன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் நான் வாய் திறக்க மாட்டேன் என்று என் கணவரின் அண்ணன், மூத்தார் கைலாசநாதன் நம்பினார்.

முந்தின நாள் சாயங்காலம், திருநள்ளாறு சாலையில் அவர் மகன் புகழேந்தி டிராக்டரைத் திருப்பினான். சைக்கிளில் போன எங்கள் ஊர்த் தெட்சிணாமூர்த்தியைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனான். மதகடியில் நின்ற நான் மட்டும் பார்த்தேன். தெட்சிணாமூர்த்தி இடுப்பெலும்பு முறிந்து காரைக்கால் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். "குடிச்சிட்டுத் தானா விழுந்தாரு" என்று போலீசில் சொல்லிவிட்டான் புகழேந்தி.

"எதையும் பாக்கலேன்னு சத்தியம் பண்ணு அஞ்சுகம். ஸ்டேஷன்லயும் அதையே சொல்லு. இல்லேன்னா வீட்டக் காலி பண்ணு" என்றார் மூத்தார், கோயில் வாசலில்.

"அந்த வீட்டுக்குப் பாதிக் கல்லு நான் சுமந்ததுங்க அத்தான்."

"கல்லு பேசாது. பட்டா பேசும். அது என் பேர்ல இருக்கு."

என் கணவர் ராஜ்மோகன் தலைகுனிந்து நின்றார். அண்ணனை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. சூடம் அணைத்துச் சொன்ன சொல்லை அப்புறம் யாரும் மறுக்கக் கூடாது. பொய் சொல்லி அணைத்தால் ஐயனார் கேட்காமல் விடமாட்டார். வரப்புத் தகராறு வரும்போதெல்லாம் இதைச் சொல்லியே ஊரை அடக்கியவர் மூத்தார். இன்று மட்டும் ஐயனார் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார் என்று எண்ணினார் போலும்.

பூசாரி செல்லக்கண்ணு தட்டில் சூடத்தை ஏற்றினார்.

"சட்டுனு அணைங்க சித்தி. கை சுட்டா மருந்து வாங்கித் தர்றேன்" என்று சிரித்தான் புகழேந்தி.

தீயின் மேல் உள்ளங்கையை நீட்டினேன்.

"ஐயனாரே, உன் முன்னாடி பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லி வளத்த வாய் இது. தெட்சிணாமூர்த்திய இடிச்சது புகழேந்திதான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

ஓங்கி அடித்து அணைத்தேன்.

"அடிப்பாவி, குடும்பத்தையே கவுத்திட்டியே!" மூத்தார் பாய்ந்து வந்தார். "யோவ் பூசாரி, வேற சூடம் ஏத்துய்யா!"

செல்லக்கண்ணு தட்டைக் கீழே வைத்தார். "ஒரு வழக்குக்கு ஒரு சூடந்தாங்க. நீங்க போட்ட கட்டுதானே?"

மூத்தார் என் பக்கம் திரும்பினார். "இன்னைக்கே வெளியில போ!"

"போறேங்க. முதல்ல ஸ்டேஷனுக்கு. அப்பறம் வந்து சட்டிபானைய எடுத்துக்கறேன்."

உள்ளங்கை கொப்புளித்து எரிந்தது. ராஜ்மோகன் அதைப் பார்த்தார். பிறகு எங்கள் பைக்கை நோக்கி நடந்தார். வழியை மறித்து நின்றது அந்த டிராக்டர்.

"புகழேந்தி," என்றார், அண்ணனை நேராகப் பார்த்துக்கொண்டே. "அதத் தள்ளி நிறுத்துடா. உன் சித்தி சாட்சி சொல்லப் போகணும்."