கிடைத்த இடம்

அலறல் கேட்டதும் தொக்சிம் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கோரானி மான் கத்தினால் பெண் கத்துவது போலவே இருக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இது புதிதல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறையும், இது மனுஷியாக இருந்துவிட்டால் என்று ஒரு கணம் தோன்றிவிடும். முதல் பேருந்தைப் பிடிக்க மேட்டு வீட்டுக் கிழவி தள்ளுவண்டியோடு அந்தச் சாலையில்தான் போவாள். ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி வேறு பத்தடிக்கு அப்பால் ஒன்றையும் காட்டவில்லை.

சாலையோரம் உடைந்த முகப்பு விளக்கின் சில்லுகள் கிடந்தன. இடித்த வண்டியைக் காணோம். அதற்கப்பால் தவிட்டு நிறத்தில் ஒரு உடம்பு பின்னங்கால் துவள, முன்கால்களை ஊன்றி எழப் பார்த்துப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. கொம்பு இல்லை. வட்டக் காது.

மனுஷி இல்லை.

சாலைத் தடுப்பின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் இடது காதைப் பார்த்தாள். நுனி கிழிந்திருந்தது. இரண்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்த காது.

போன வருஷம் அவள் போட்ட சோயா முழுவதையும் முளையிலேயே தின்று தீர்த்தது இதுதான். இந்த வருஷமும் முதல் விதைப்பு போனது, இரண்டாவதும் போனது. சுற்றிலும் பச்சை வலை கட்டினாள். இரவெல்லாம் வயல் நடுவே ரேடியோவைப் பாட விட்டாள். இது எந்த வழியாக நுழைகிறது என்று மட்டும் பிடிபடவே இல்லை. இப்போது இரண்டிலை விட்டு நிற்பது மூன்றாவது விதைப்பு. இதுவும் போனால் மழைக்காலம் தொடங்கிவிடும், மறுபடி விதைக்க நாளில்லை. இஞ்சொன் நகரத்தில் இருக்கும் மகன் குவான்மோ பண்டிகைக்கு வந்தபோது, “இந்த வருஷமும் போச்சுன்னா வயலை விட்டுட்டு எங்ககூட வந்துடணும்மா, சரியா?” என்று கேட்டிருந்தான். அவளும் சரி என்றிருந்தாள். பன்னிரண்டாவது மாடியில் அவன் வீடு. அங்கே போனால் நாள் முழுக்க என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து நாளுக்கு முன் வரப்புச் சரிவில் நாணலை விலக்கியபோது மூன்று குட்டிகள் முதுகில் வெள்ளைப் புள்ளிகளோடு மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்தன. அவள் நாணலை விட்டுவிட்டு வந்துவிட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

ஊர்த்தலைவர் சில்போக்குக்குப் போன் செய்தாள். கை டிராக்டர் படபடவென்று வந்து நின்றது. உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தார்.

“அண்ணி, இது உங்க வீட்டு விருந்தாளி மாதிரி இருக்கே?”

“தின்னுட்டு சொல்லாம கொள்ளாம போறவ விருந்தாளியா? துப்பாக்கிக்காரங்களைக் கூப்பிடு.”

“ரோட்டுப் பக்கத்துல சுடக்கூடாது, அது சட்டம். உங்க வயலுக்குள்ள விழுந்திருந்தா இவ திருடி. நாலடி தள்ளி விழுந்துட்டா, இப்ப நோயாளி.” அவர் போனைத் தேய்த்தார். “சுடுறதுக்கு ஒரு நம்பர், கட்டுப்போடுறதுக்கு ஒரு நம்பர். ரெண்டும் ஒரே ஆபீஸ்ல அடுத்தடுத்த மேஜை, தெரியுமா?”

இரண்டாவது நம்பரில் பேசினார். அவருக்குப் போனே தேவையில்லை, கூவினாலே அந்த ஆபீஸுக்குக் கேட்கும் போலிருந்தது. பேசி முடித்ததும் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

“அதோட கண்ணை மூடி விடணுமாம். கை படக்கூடாதாம். முக்கியமா பேசவே கூடாதாம். நம்ம குரலைக் கேட்டே பயத்துல செத்துடுமாம். வர ஒரு மணி நேரம் ஆகுமாம்.”

“ஒரு மணி நேரம் நீ பேசாம இருப்பியா?”

“ஏன் இருக்க மாட்டேன்? போன வருஷம் என் பொண்டாட்டி அவ அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப...”

“பாரு, ஆரம்பிச்சுட்ட.”

கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து, பின்பக்கமாகப் போய் அதன் தலைமேல் போட்டாள். உடம்பு ஒருமுறை துள்ளி அடங்கியது. அப்புறம் வயலுக்குப் போய் ரேடியோவை நிறுத்தினாள். இத்தனை நாள் அதை விரட்டத்தான் அந்த ரேடியோ. அணைத்ததும் பள்ளத்தாக்கு முழுவதும் நிசப்தமாகிவிட்டது.

இரண்டு பேரும் தடுப்பின் மேல் உட்கார்ந்தார்கள்.

துண்டுக்கடியில் மூச்சு வேகமாக ஏறி இறங்கியது. அதை எண்ணத் தொடங்கினாள், பாதியில் தவறவிட்டாள். மூடுபனி வரப்பின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. நாணல் தெரிந்தது, மறைந்தது, திரும்பவும் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். அவை புல் தின்கிற ஜாதிதானே, எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எத்தனை நாளில் புல் தின்னத் தொடங்கும் என்பது அவளுக்குத் தெரியாது.

“அண்ணி,” என்றார் சில்போக், மூச்சுக்காற்றிலேயே. “ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லாதே.”

“சொல்லியே ஆகணும். கால் ஆறினதும் கிடைச்ச இடத்துலயே கொண்டாந்து விட்டுடுவாங்களாம்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “இங்கயா?”

“இங்கதான். அதுக்குப் பழகின இடமாம்.”

“எனக்கும்தான் பழகின இடம்.”

“அதான் யோசிச்சேன். கணவாய் வளைவுல கிடைச்சுதுன்னு எழுதச் சொல்லிடலாம். அது மேலூர் எல்லை. மேலூர்த் தலைவன் போன வாரம் ஒலிபெருக்கியில என்ன பீத்திக்கிட்டான் கேட்டீங்களா? அவன் ஊர்ல கோரானியே இல்லாம பண்ணிட்டானாம். ஒண்ணு போய் அவன் எள்ளைத் தின்னட்டும்.”

“கணவாய்ல கிடைச்சது இங்க எப்படி வந்துச்சாம்?”

“நான் வண்டியில ஏத்திட்டு வந்தேன், இங்க வந்ததும் குதிச்சுடுச்சு.”

“கால் உடைஞ்சதா குதிச்சுது?”

“குதிச்சதாலதான் உடைஞ்சுதுன்னு வெச்சுக்கலாமே.”

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் பேசாமல் இருந்தால் அதற்குச் சரி என்றுதான் அர்த்தம். சில்போக் திருப்தியாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

விலங்கு மீட்பு நிலையத்தின் வெள்ளை வேன் வந்தபோது மூடுபனி விலகத் தொடங்கியிருந்தது. இறங்கிய பெண் மருத்துவர் ஹாரிமுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், மெல்லிய குரல். மண்டியிட்டு ஊசி போட்டார், கால்களை மெத்தென்ற பட்டையால் கட்டினார், இடுப்பை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“இடுப்பு எலும்புக்கு ஒண்ணுமில்லைம்மா. பின்னங்கால் மட்டும்தான். நல்ல நேரத்துல போன் பண்ணீங்க.” மடியில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டார். “கிடைச்ச இடம்?”

“கணவாய் வளைவு,” என்றார் சில்போக். “மேலூர் கணவாய்.”

ஹாரிம் எழுதினார். பேனாவை மூடிவிட்டு, அடிவயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்தார். கையுறையின் நுனியில் வெள்ளையாக ஒரு சொட்டு நின்றது.

“பால் இருக்கு. எங்கயோ குட்டிங்களைப் படுக்க வெச்சுட்டு வந்திருக்கா. பசிச்சாலும் சத்தம் போடாதுங்க. அம்மா வரும்னு அப்படியே கிடக்கும்.” சில்போக்கை நிமிர்ந்து பார்த்தார். “ஐயா, வளைவுல எந்தப் பக்கம் கிடந்துச்சு? அங்க போய்த் தேடணும். பால் இல்லாம ரொம்பத் தாங்காது.”

சில்போக்கின் வாய் திறந்தது. “வந்து... இடது பக்கம். இல்ல, போறப்ப வலது. அதாவது, எங்கேருந்து பார்க்கறோம்ங்கிறதைப் பொறுத்து...” அவர் தொக்சிமைப் பார்த்தார். தொக்சிம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முளைகள் ஈரத்தோடு வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டே இலை. வாயைத் திறந்தால் அந்தக் கிழிந்த காது மறுபடி இங்கேயே வரும். மூன்றாவது விதைப்பும் போகும். குவான்மோ வேனோடு வந்து அவள் பானைகளைக் கட்டுவான். திறக்காவிட்டால் இந்தப் பெண் கணவாய்க்குப் போய் முழங்கால் புல்லில் நாள் முழுக்கத் தேடுவாள். தேடிக் கிடைக்காமல், குட்டிகள் மேலூரிலேயே செத்துப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போவாள்.

வேனின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“கணவாய் இல்ல.” அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. மானின் தலைமேல் கிடந்த துண்டு நடுங்கியது. தணிந்த குரலில் மறுபடி சொன்னாள். “இங்கதான் கிடந்துச்சு, என் வயலோரம். குட்டிங்க வரப்புச் சரிவுல, நாணலுக்குள்ள. மூணு.”

ஹாரிம் படிவத்தை மறுபடி எடுத்தார். எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு எழுந்தார்.

சில்போக் அவளையே பார்த்தார். “அண்ணி, முந்தாநாள் நான் இங்க புல் வெட்ட மெஷினோட வந்தப்ப பாம்பு இருக்குன்னு சொல்லித் திருப்பி அனுப்பினீங்களே?”

“ஆமா. மூணு பாம்பு.”

இரண்டு குட்டிகள் உடனே கிடைத்தன. ஹாரிம் அவற்றைத் துணியில் சுற்றி, மயங்கிக் கிடந்த தாயின் பக்கத்துப் பெட்டியில் வைத்தார். மூன்றாவது இல்லை. சில்போக் சரிவை மேலிருந்து கீழே அலசினார், ஹாரிம் கீழிருந்து மேலே வந்தார். ஒன்றும் அகப்படவில்லை. மருந்து தெளியும் முன் கிளம்பியாக வேண்டும், இன்னும் பத்து நிமிஷம்தான் முடியும் என்றார் ஹாரிம்.

தொக்சிம் சாலைப் பக்கம் ஏறினாள். ஒரு மணி நேரம் அந்தத் தடுப்பின் மேல் வாயை மூடி உட்கார்ந்திருந்தோமே. அந்த நேரத்தில் அது அம்மாவைத் தேடிச் சாலைக்கு ஏறியிருந்தால்? சாலையைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தாள். ஒன்றுமில்லை. திரும்பி வந்து, குட்டிகள் படுத்திருந்த பள்ளத்தின் பக்கத்தில் குனிந்தாள். நாணலின் அடியில், ஒரு கை அகலத்துக்குப் புல் மிதிபட்டு ஒரு தடம் போனது. நின்று பார்த்தால் தெரியாத தடம். முழங்காலில் நகர்ந்து அதன் பின்னாலேயே போனாள்.

தடம் வயலின் வடிகால் குழாயில் போய் முடிந்தது. குழாய்க்கு மேலே வலை தரையைத் தொடாமல் தூக்கி நின்றது. நன்றாகவே தூக்கி நின்றது. வளர்ந்த நாணல் அதை வெளியிலிருந்து முழுக்க மறைத்திருந்தது.

தலையை உள்ளே நுழைத்தாள். மூன்றாவது சாலில், முளைகளுக்கு நடுவே, தாடையை மண்ணில் பதித்துக் குட்டி படுத்திருந்தது. கண் திறந்திருந்தது. சிமிட்டியது.

“இருக்கு,” என்றாள். பிறகு, சாலையில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி, “உயிரோட இருக்கு! என் வயலுக்குள்ளயே படுத்திருக்கு!”

ஹாரிம் சறுக்கிக்கொண்டு ஓடி வந்தார். முதுகை நீவி, மூக்கைப் பார்த்து, துணியில் சுற்றிக்கொண்டார். அவர் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. “நல்லா இருக்கும்மா. பசி மட்டும்தான்.”

வேனின் கதவை மூடுமுன் படிவத்தை எடுத்து, அடித்த கோட்டுக்குக் கீழே எழுதினார். “தேற ஒரு மாசம் ஆகும். திரும்ப இங்கதான் கொண்டுவரணும். உங்களுக்குச் சொல்லிட்டு வரட்டுமாம்மா?”

“சொல்லிட்டே வாங்க,” என்றாள் தொக்சிம். “பகல்ல வாங்க.”

வேன் வளைவில் மறைந்தபின் அவள் கொட்டகையிலிருந்து கயிறும் இரண்டு கல்லும் கொண்டுவந்து குழாயடியில் மண்டியிட்டாள். சில்போக் வந்து வலையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரமாக அடக்கிவைத்திருந்தாரோ, பேச்சு கொட்டியது.

“ரெண்டு வருஷம் அண்ணி! ராத்திரி பூரா ரேடியோ, ஊரே தூங்கல. இந்த ஓட்டை உங்க கண்ணுல படலையா?”

“புல்லு மூடியிருந்துச்சு.”

“அந்தப் புல்லைத்தானே வெட்ட வந்தேன்!”

“அன்னிக்கு வெட்டியிருந்தா ஓட்டை கிடைச்சிருக்கும். குட்டி கிடைச்சிருக்காது.” அவள் கயிற்றைப் பல்லால் இறுக்கினாள். “பேசாம பிடி.”

முடிச்சுப் போட்டுவிட்டு உள்ளே போய்ச் சால் சாலாக நடந்து பார்த்தாள். மூன்றாவது சாலில் பதினோரு முளை நுனி இல்லாமல் நின்றன. நான்காவதில் ஒன்று. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தாள்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. குவான்மோ.

“என்னம்மா, மூச்சு வாங்குது? சோயா என்ன ஆச்சு, போச்சா?”

அவள் சரிவில் இறங்கி வலையின் அடியைக் காலால் ஒருமுறை உதைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

“நிக்குது,” என்றாள். “அறுவடைக்கு நீதான் வரணும். லீவு சொல்லி வெச்சுடு.”