ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் ஒரு ஓட்டை

டாக்டர் பெல்ஷா ஒஹையோவிலிருந்து இரண்டு நாள் வண்டி ஓட்டிக்கொண்டு தெற்கு டகோட்டாவுக்கு வந்து சேர்ந்தார். பிள்ளைகளுக்குப் பல்லில் கம்பி கட்டுகிற டாக்டர். வண்டியின் பின்கதவைத் திறந்தால் ஒரு கல்யாண வீட்டுக்குப் போதுமான சாமான். தொலைநோக்கி பூட்டிய துப்பாக்கி, அதை வைத்துச் சுடச் சுற்றிச் சுழலும் மேசை, காற்றை அளக்க ஒரு மீட்டர், தூரத்தை அளக்க இன்னொன்று, சூடேறிய குழாயைக் குளிரவைக்க ஒரு குட்டி விசிறி. துப்பாக்கிக்கு விசிறி கொண்டுவந்த மனிதர் தன் தலைக்கு ஒரு தொப்பி கொண்டுவர மறந்துவிட்டார். ஆகஸ்ட் வெயில். என் பழைய தொப்பியைக் கொடுத்தேன்.

என் பெயர் டெல்மர். பண்ணை என் மச்சான் வெர்லினுடையது. அவன் தங்கையைத்தான் கட்டியிருக்கிறேன். கோடையில் சுட வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தோட்டா எங்கே விழுந்தது என்று தொலைநோக்கியில் பார்த்துச் சொல்வது என் வேலை. அவர்கள் சுடுவது பிரெய்ரி நாய்களை. பேர்தான் நாய்; பார்த்தால் கொழுத்த அணில். குரைப்பதால் அந்தப் பேர். புல்வெளி முழுக்க வளை தோண்டி ஊர் ஊராகக் குடியிருக்கும். அந்த வளைகளில் மாடுகள் காலை ஒடித்துக்கொள்கின்றன என்று வெர்லின் வருகிறவர்களிடம் உருக்கமாகச் சொல்வான். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு மாட்டை நான் பார்த்ததில்லை. கால் பிசகிய வேட்டைக்காரர்கள் ஆறு பேரைப் பார்த்திருக்கிறேன்.

"நீங்க பண்றது பெரிய உபகாரம் டாக்டர்," என்றான் வெர்லின்.

"ஏதோ நம்மால முடிஞ்ச சேவை," என்றார் டாக்டர் அடக்கமாக.

காலையில் முந்நூறு கெஜத்துக்குள் நின்றவற்றைச் சுட்டார். அதற்குப் பெயர் கைப்பழக்கமாம். பத்தொன்பது விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும், "பாத்தீங்களா?" என்பார். பார்ப்பதுதான் என் வேலை, பார்த்தேன். சில உடனே சாகவில்லை. அதற்குள் அவர் அடுத்த தோட்டாவைப் போட்டிருப்பார்.

ஆனால் அவர் வந்த காரியம் வேறு. அவருடைய ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் நிற்கும் பிரெய்ரி நாயைச் சுட்டு, ஒரு சாட்சியிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பினால், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை தருவார்கள். அவருடைய மருத்துவமனையில் வேலை பார்க்கும் சின்ன டாக்டர் போன வருஷமே அதை வாங்கிவிட்டான். இதைச் சொல்லும்போது டாக்டரின் தாடை இறுகியது.

பத்து மணிக்கு ஒரு நாயைத் தேர்ந்தெடுத்தோம். தூரத்தில், மேடு முடிந்து மறுபுறம் சரியும் இடத்தில், வால் நுனி இல்லாத ஒன்று தன் வளையின் வாயில் நிமிர்ந்து நின்றது. மீட்டர் ஆயிரத்து நாற்பது கெஜம் என்றது.

முதல் தோட்டா ஒரு லாரி நீளம் இடப்பக்கம் தள்ளி விழுந்தது. "காத்து," என்றார். அடுத்தது வலப்பக்கம். "காத்து திரும்பிடுச்சு." பதினைந்து தோட்டாவுக்கு மேல் குற்றம் கானலுக்குப் போனது, பிறகு தோட்டா செய்தவனுக்கு, கடைசியில் எனக்கு.

"டெல்மர், நீங்க மூச்சு விடுறது என் காதுல விழுது."

கொஞ்சம் தள்ளிப் போய் மூச்சு விட்டேன். வால் நுனி இல்லாதது ஒவ்வொரு முறையும் தூசி எழுந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லை மென்றது.

முப்பத்தெட்டாவது தோட்டா. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாய் தலையைத் தூக்கி ஒரு தடவை குரைத்தது, குனிந்தது, வளைக்குள் போனது. தூசியே எழவில்லை. நாலு விநாடி கழித்து எங்கிருந்தோ 'டங்' என்று ஒரு சத்தம் வந்தது.

டாக்டர் துள்ளி எழுந்தார். "விழுந்துடுச்சு! சத்தம் கேட்டுச்சா? எலும்புல பட்ட சத்தம்!"

"எலும்பு அப்படிச் சத்தம் போடாது டாக்டர்," என்றேன்.

"டாக்டர் நானா, நீங்களா?"

வெர்லின் என் விலாவில் இடித்தான். "மாப்ளே, வாயை மூடிட்டு வண்டியில ஏறு."

காலையில் விழுந்தவற்றின் நடுவே வண்டி போயிற்று. டாக்டர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செல்போனில் எதையோ தேடினார்.

மேட்டு வளையைச் சுற்றி ரத்தமில்லை, மயிரில்லை. "உள்ள போய்ச் செத்திருக்கும்," என்று டாக்டர் படிவத்தை எடுத்தார். அப்போது மறுபக்கச் சரிவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சுட்டவன் எவன்?"

பக்கத்துப் பண்ணை ஆர்டிஸ் ஹவ்லிக். எழுபத்திரண்டு வயது, வேலிக் கம்பத்தைவிட ஒல்லி. வேலிக்கு அந்தப் பக்கம், நாங்கள் சுட்ட இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில், அவளுடைய மாடுகள் குடிக்கும் இரும்புத் தொட்டி இருந்தது. அதன் வயிற்றில் விரல் கனத்துக்கு ஓட்டை. ஜூனிலிருந்து மழை இல்லாத ஊரில் தண்ணீர் வில்லாக வளைந்து பாய்ந்துகொண்டிருந்தது.

"ஆர்டிஸ், காத்து கொஞ்சம்..." என்று இழுத்தான் வெர்லின்.

"காத்து தொட்டியைச் சுடாது. பத்தடி தள்ளி நான் குதிரையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அது தெரியுமா உன் காத்துக்கு?"

வெர்லினின் முகம் வெளுத்தது. அந்தப் பக்கம் தொட்டி இருப்பது அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். முப்பத்தெட்டு தோட்டாவையும் உட்கார்ந்து எண்ணியவன் நான்.

ஆர்டிஸ் டாக்டர் பக்கம் திரும்பினாள். "நாய் மேட்டு மேல இருந்துச்சு. தொட்டி நாப்பது தப்படி பின்னால, பள்ளத்துல. நாயைத் தொட்ட குண்டு இங்க வராது. இங்க வந்த குண்டு நாயைத் தொடலை. இதுல எது உங்களுது?"

வேறு யாராக இருந்தாலும் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். டாக்டர் கண்ணை மூடி யோசித்தார்.

"ரெண்டும் என்னுதுதான் மேடம். நாயைத் துளைச்சு, துள்ளி, இங்க வந்திருக்கு. ரொம்ப வீரியமான தோட்டா."

"அப்ப ஓட்டை உங்களுது?"

"சந்தேகமே வேண்டாம்!" என்றார், பரிசு வாங்குகிறவர் மாதிரி.

"சரி. விரலை உள்ள விடுங்க."

"என்னது?"

"தண்ணி போகுதில்ல? போல்ட்டும் ரப்பரும் வீட்ல இருக்கு. எடுத்துட்டு வர்ற வரைக்கும் உங்க விரல்தான் போல்ட்டு. வெர்லின், வண்டியை எடு."

அவள் குரலுக்கு மாடுகளே நிற்கும். டாக்டர் குந்தி உட்கார்ந்து ஆள்காட்டி விரலை ஓட்டையில் செருகினார். வண்டி போயிற்று; வண்டியோடு துப்பாக்கியும் விசிறியும் போயின. நான் தொட்டி நிழலில் சாய்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தேன்.

"டெல்மர், படிவம் என் சட்டைப் பையில இருக்கு. ஒரு கையெழுத்து. நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?"

"குனிஞ்சுது. உள்ள போச்சு."

"அடிபட்டு."

"நல்லாத்தான் நடந்து போச்சு டாக்டர்."

அரை மணி நேரத்தில் சத்தம் அடங்கியதும் சுற்றிலும் இருந்த வளைகளிலிருந்து தலைகள் எழும்பின. கசிந்த தண்ணீரில் ஒரு திட்டுப் புல் பளபளத்தது. அதைத் தின்ன அவை வேலிக்கடியில் நுழைந்து ஒவ்வொன்றாக வந்தன. மேட்டு வளையிலிருந்து, வால் நுனி இல்லாமல், ஒன்று வந்தது. டாக்டரின் பூட்ஸுக்கு ஐந்தடி தள்ளி உட்கார்ந்து, முன்கால்களைத் தூக்கி, அவர் முகத்தைப் பார்த்துக் குரைத்தது.

"இது வேற ஒண்ணு," என்றார் டாக்டர், நான் கேட்காமலே.

அதனிடம் இன்னொன்று வந்து வாயோடு வாய் வைத்து மோந்தது. அவை சந்தித்தால் அப்படித்தான் செய்யும். டாக்டர் கழுத்தை நீட்டி வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் இளகிப்போயிருந்தது.

"முன்பல்லு வரிசையைப் பாருங்க டெல்மர்," என்றார் மெதுவாக. "என்ன அழகு! ஒரு கம்பி வேண்டாம்."

மனுஷன் திருந்திவிட்டான் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து ஆர்டிஸ் வந்து இரண்டு நிமிஷத்தில் ஓட்டையை அடைத்தாள். டாக்டரின் விரல் வெளுத்துச் சுருங்கி, அவருடையது மாதிரியே இல்லை. அந்தக் கையாலேயே படிவத்தை அவளிடம் நீட்டினார். வெர்லின் வானத்தைப் பார்த்தான்.

ஆர்டிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவம் முழுவதையும் படித்தாள். பிறகு, 'ஆயிரத்து நாற்பது கெஜத்துக்கு அப்பால் நின்ற என் தண்ணீர்த் தொட்டியை இவர் சுட்டார். தொட்டி ஓட முயலவில்லை,' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். டாக்டர் அதைப் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் மேசையை வேறு பக்கம் திருப்பி, இருநூறு கெஜத்துக்குள் இன்னும் பதினொன்றைச் சுட்டார். "பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் தொலைநோக்கியின் மூடியைப் போட்டுவிட்டேன்.

"ஏன் மாப்ளே, என்ன ஆச்சு?" என்றான் வெர்லின்.

"கண்ணு வலிக்குது மச்சான்," என்றேன். அடுத்த வாரம் அவன் வேறு ஆள் பிடித்துக்கொண்டான்.

அக்டோபரில் ஒஹையோவிலிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளைக் கோட்டில் வில்லையைக் குத்திக்கொண்டு டாக்டர் சிரிக்கிறார். பின்னால் நாற்காலியில் ஒரு பிள்ளை வாயைத் திறந்தபடி கிடக்கிறது. சங்கத்தில் கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள் போலும்; படிக்கிற வழக்கம் இல்லை. வெர்லின் அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிட்டான், வருகிறவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமாம்.

நான் இப்போது ஆர்டிஸுக்கு வேலி பழுது பார்க்கிறேன். அவள் அதிகம் பேசுவதில்லை. காபியை மட்டும் ரொம்பத் தண்ணியாகப் போடுகிறாள்.