நானூறு கிராம் உகாலி

கடைசி இரண்டு கிலோமீட்டரில் செசாங்கின் கால்கள் ஓய்ந்துபோயின. மூன்று வாரமாக அப்படித்தான். சனிக்கிழமைத் தேர்வு ஓட்டத்திலும் பின்தங்கினால் ஓட்டப் பயிற்சி முகாமை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று கோச் கிபிவோட் சொல்லிவிட்டார்.

மூன்று வாரத்துக்கு முன்புதான் அவர் சமையலறைச் சுவரில் கலோரிக் கணக்கை ஒட்டினார். அவர்கள் தினமும் தின்னும் மக்காச்சோளக் களியான உகாலிக்கு, நூறு கிராமுக்கு முந்நூற்று அறுபது. ஆளுக்கு நானூறு கிராம். அதுவரை ஏழு பெண்களும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, வேண்டிய மட்டும் பிய்த்துத் தின்றார்கள். பிறகு தராசு வந்தது.

"சாப்பாடு கணக்காத்தான் போகுது. குறை உன் மனசுலதான்" என்றார் கோச்.

செசாங் நம்பினாள். பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது சின்னப் பிள்ளைகள்தான். அவள் ஊரான இட்டெனில் வளர்ந்தவர்கள் சொல்வதில்லை.

புதன்கிழமை சமையற்காரி ஒரு சாவுக்குப் போயிருந்தாள். செசாங் அடுப்படிக்கு வந்தாள். கொதிக்கும் தண்ணீரில் ஒரு கிலோ மக்காச்சோள மாவைக் கொட்டி, இறுகும்வரை கிண்டினாள். தராசில் வைத்தாள். இரண்டு கிலோ எண்ணூறு காட்டியது.

போட்டது ஒரு கிலோதானே?

மாவுப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். நூறு கிராமுக்கு முந்நூற்று அறுபது. சுவரில் இருந்த அதே எண்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது பொட்டலத்தைக் கோச்சிடம் நீட்டினாள்.

"சுவத்துல இருக்கிறது மாவோட கணக்கு, கோச். நாங்க திங்கிறது வெந்தது. மூணுல ரெண்டு பங்கு தண்ணி."

அவர் பொட்டலத்தைப் படித்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"பசிச்சா சொல்றதுக்கென்ன?"

"வயிறு நெறைஞ்சிருச்சுன்னு நீங்கதான் எழுதி ஒட்டிட்டீங்களே."

கோச் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். ஆறு பேரும் தட்டைப் பார்த்தார்கள். கடைசியில் ஜெமெலி வாய் திறந்தாள்.

"நேத்து கோழிக்குத் தீனி போட்டாங்க. நான் போட்டிக்கு நின்னேன், கோச்."

யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கோச் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை..." என்று தொடங்கினார்.

"சனிக்கிழமை நான் ஓடல" என்றாள் செசாங். "மூணு வாரமா வத்தின உடம்பு மூணு நாள்ல தேறாது. மூணு வாரம் குடுங்க. தின்னுட்டு ஓடறேன். அப்பவும் பின்தங்கினா நானே மூட்டை கட்டிக்கறேன்."

அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

"மூணு வாரம்" என்றார். "எல்லாருக்கும்தான். மாவு இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"கிண்டு."