கேட் கீப்பர் எழுதாத நாள்

அருங்காட்சியகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தை யாரும் சீந்துவதில்லை. பழைய நாணயப் படத்துக்கு விழும் லைக்குகளில் பாதி, அங்கே வேலை பார்ப்பவர்களுடையவை. பக்கத்தைக் கவனித்துவந்த பெண்ணுக்கு ஒரு யோசனை தோன்றியது. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஊர் எல்லையில் ரயில் மோதி ஒரு பஸ் நொறுங்கியிருந்தது. ரயில்வே கேட்டை மூடாமல் கேட் கீப்பர் தூங்கிவிட்டார் என்றது விசாரணை. விபத்துக்கு முந்தைய வாரங்களை அந்த மனிதரே தினமும் எழுதுவதுபோல அவள் பதிவிடத் தொடங்கினாள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றினேன். மழை விடவில்லை. பஸ் டிரைவர் கையசைத்துப் போனார்.

பதிவுகள் தீயாய்ப் பரவின. "அண்ணா, அன்னைக்கு மட்டும் தூங்கிடாதீங்க" என்று ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் கெஞ்சினார்கள். இயக்குநர் வாயெல்லாம் பல்லாக வளைய வந்தார்.

விபத்து நாளுக்கு முதல் நாள், தலை நரைத்த ஓர் அம்மாள் அவளைத் தேடி வந்தார்.

"எங்கப்பா மாதிரி எழுதுறது நீதானாம்மா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எதாவது தப்பா எழுதிட்டேனாம்மா?"

"எனக்கெப்படித் தெரியும்? அவரு ஜெயில்ல செத்தப்போ நான் கைக்குழந்தை. படிக்க நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு அவரு வாயாலயே 'தூங்கிட்டேன்'னு சொல்ல வைக்கப்போறியா?"

"விசாரணை அறிக்கை அப்படித்தான் சொல்லுது."

"அறிக்கை சொல்லட்டும். அவரு சொன்னாரா?"

அவர் சொல்லியிருக்கவில்லை. எதைக் கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை என்று அறிக்கையே குறிப்பிட்டிருந்தது. அவள் அதைச் சொன்னாள். அம்மாள் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் கேட் கீப்பர் எழுதவில்லை. விபத்தில் இறந்தவர்களின் பெயர்களை மட்டும் அவள் போட்டாள். கீழே, இதுவரை அவர் எழுதியதாக வந்ததெல்லாம் தன் கற்பனை என்றும், அன்று நடந்ததைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை என்றும் சேர்த்தாள்.

"நல்லா ஓடிட்டிருந்த வண்டியக் குடை சாய்ச்சிட்டியே" என்றார் இயக்குநர். ஏமாற்றிவிட்டதாகப் பலர் திட்டிவிட்டு விலகினார்கள்.

சாயங்காலம் ஒருவர் எழுதியிருந்தார்: "மூணாவது பேரு எங்கம்மா. இத்தனை நாளா கேட் கீப்பருக்காக அழுதீங்க. அந்த பஸ்ல யாரு இருந்தாங்கன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அதற்குள் கேட் கீப்பரின் மகள் அங்கே கேட்டிருந்தார்.

"நான் கேக்கறேன் அண்ணே. உங்கம்மா எங்க போய்ட்டிருந்தாங்க?"

பதில் வந்தது.

"தையல் மெஷினுக்கு ஊசி வாங்க."