கீழ்ப்பக்கத்து மண்ணின் நிறம்

அந்த அம்மா முதல் தடவை எங்கள் நிலத்துக்கு வந்த அன்று வெயில் அடித்ததா என்று கேட்டால், அடித்தது என்றுதான் சொல்வேன். அக்கா இல்லை என்கிறாள். மேகமாக இருந்தது, அதனால்தான் குடை எடுத்துப் போகவில்லை என்கிறாள். மேகமாக இருந்தால்தானே குடை எடுப்பார்கள் என்று அத்தான் கேட்பார். "நான் வெயிலுக்குக் குடை பிடிக்கிறவ" என்பாள். எனக்கும் பல விஷயங்கள் கலங்கலாகத்தான் தெரிகின்றன. யார் முதலில் பேசினார்கள், எந்தக் குழியை முதலில் தோண்டினார்கள் என்றெல்லாம் கேட்டால் விழிப்பேன். ஆனால் வெயில் அடித்திருக்க வேண்டும். அடிக்காமல் இருந்திருந்தால் அவருக்கு அந்தத் தவறு நேர்ந்திருக்காது. நானும் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நிலம் அப்பா விட்டுப்போனது. ஊருக்கு வெளியே, சாலையை ஒட்டித் தொடங்கும். கீழ்ப்பக்கம் மேசை போலச் சமம்; பின்னால் போகப்போக மேடு. அதை ஒரு பில்டருக்குக் கொடுத்து, வீடுகள் கட்ட விடுவதென்று நானும் அக்காவும் முடிவு செய்திருந்தோம். என் பங்கைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவனுக்கு ஓர் அறையும் நல்ல விளக்கும் போதும். அக்காவின் நிலை வேறு. மின்வேலை பார்த்த அத்தான் ஏணியிலிருந்து விழுந்து, முட்டி மடங்காமல் போய்விட்டது. குடியிருந்ததோ இரண்டாம் மாடியில். படிகள் செங்குத்து, திருப்பத்தில் கைப்பிடி கிடையாது. அவர் கீழே இறங்குவதென்றால் குழந்தை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்க வேண்டும். அதனால் வாரக்கணக்கில் இறங்கவே மாட்டார்.

நிலத்துக்கு ஈடாக ஆளுக்கொரு வீடும் தருவதாகப் பில்டர் ஒப்புக்கொண்டிருந்தார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. வாசலில் படியே இருக்கக் கூடாது. அதற்காகவே சமமாக இருந்த கீழ்ப்பக்கத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

ஈரநிலம் என்று தெரிந்தால் அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்காது. மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் நிலம் அது. மேலே பார்த்தால் சாதாரணத் தரை போலத்தான் இருக்கும். எங்கள் நிலத்தில் அது இருக்கிறதா என்று ஆராய்ந்து எழுதிக்கொடுக்க, பில்டர் அமர்த்திய நிறுவனத்திலிருந்து வந்தவர்தான் அந்த அம்மா. நடு வயது, குறைந்த பேச்சு. அவரைப் பற்றி அக்கா சொல்லக் கேட்டே அத்தான் 'மண்ணம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்.

அவர் கொண்டுவந்தது திருகித் திருகி மண்ணில் இறக்கும் ஓர் இரும்புக் கம்பி, மண்வெட்டி, தண்ணீர் தெளிக்கும் புட்டி, அப்புறம் ஒரு புத்தகம். அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. எழுத்தே இல்லாத புத்தகம். பக்கம் பக்கமாக மண்ணின் நிறங்கள், நகத்தளவு அட்டைகளாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஓட்டை. அதன் பின்னால் மண்கட்டியைப் பிடித்து, எந்த நிறத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்.

"எதுக்கு மேடம் இவ்வளவு நிறம்?" என்றாள் அக்கா. "மண்ணுன்னா மண்ணு நிறம்தானே?"

"தண்ணி தேங்கற எடத்துல மண்ணுக்கு மூச்சு முட்டும்மா. பழுப்பு போயி சாம்பலாயிடும். தண்ணி வத்தினாலும் அந்தச் சாம்பல் போகாது."

அது மழையில்லாத மாதம். பக்கத்து மாட்டுக்காரர் வேறு புல்லை ஒட்ட அறுத்துக்கொண்டு போயிருந்தார். தண்ணீரும் இல்லை, செடியும் இல்லை. நிறம் ஒன்றுதான் சாட்சி. அவர் கீழ்ப்பக்கத்தில் பல இடங்களில் தோண்டினார். மண்ணை நனைத்தார், பிட்டார், புத்தகத்தின் பின்னால் பிடித்தார். நான் புட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. யாரோடும் அவ்வளவு நேரம் நிம்மதியாகப் பேசாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கடைசியில் அவர் நிமிர்ந்து, "பழுப்புதான். கீழ்ப்பக்கம் கட்டலாம்" என்றார்.

அக்கா நாலு குச்சிகளைப் பொறுக்கி அங்கேயே நட்டாள். இது வாசல், இது அடுக்களை, இது அவர் நாற்காலி போடும் இடம். வீட்டுக்கு வந்து சொன்னபோது அத்தான் கேட்டார்: "ஜன்னல் எந்தப் பக்கம்?" "ரோட்டுப் பக்கம்." "அப்பாடா, போற வர்றவங்க வம்பெல்லாம் இனி எனக்குத்தான்."

சில நாள் கழித்து ஒரு காலை. அக்கா அத்தானை மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது, நானும் துணைக்குப் போயிருந்தேன். அத்தான் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் கீழிருந்து யாரோ ஏறி வந்து, எங்களைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். மண்ணம்மா.

"வாங்க மேடம்" என்றார் அத்தான், அக்கா கூப்பிட்டதிலிருந்து ஆளைப் புரிந்துகொண்டு, உட்கார்ந்தபடியே. "எழுந்திருச்சு வரவேற்கலன்னு தப்பா நெனைக்காதீங்க. நம்ம வீட்டுப் பழக்கம் இது."

அந்த அம்மா சிரிக்கவில்லை. அத்தானின் காலையும் மீதமிருந்த படிகளையும் பார்த்தார். பிறகு அந்தப் படியிலேயே, அத்தானுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார்.

காரணம், அவர் புதிதாக வாங்கிய கண்ணாடி. வெயிலில் போனால் தானாகவே பழுப்பேறும் கண்ணாடி. வெளியே கருக்கும், உள்ளே வந்தால் தெளியும். போட்டிருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. அதன் வழியே பார்த்தால் சாம்பல் அட்டைக்கும் பழுப்பு அட்டைக்கும் வித்தியாசம் பிடிபடாது. எங்கள் நிலத்துக்குப் பிறகு இன்னொரு நிலத்தில் வேலை பார்த்திருக்கிறார். அங்கே ஒரே கட்டியைக் கூட வேலை செய்பவர் சாம்பல் என்கிறார், இவர் பழுப்பு என்கிறார். வாக்குவாதத்தில் வியர்வை துடைக்கக் கண்ணாடியைக் கழற்றியபோது, கையிலிருந்த மண் நிறம் மாறியது.

"கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு மண்ணப் பாக்கக் கூடாதுங்கறது முதல் பாடம். அதைப் போட்டிருக்கோம்னே எனக்குத் தெரியல. உங்க நிலத்தை மறுபடி பாக்கணும். நீங்க வந்து நில்லுங்க."

அக்கா அத்தானின் தோளைத் தட்டி, "எறங்குங்க, நேரமாச்சு" என்றாள்.

இரண்டாம் தடவை வானம் மூடியிருந்தது. இந்த மேகத்தைத்தான் அக்கா முதல் நாளோடு குழப்பிக்கொள்கிறாள் என்று நினைக்கிறேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அது இல்லாமல் அவருக்குத் தூரத்துப் பொருள் தெரியாது. நான் முன்னால் நடக்க, என் சட்டையைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். அக்காவின் குச்சிகளுக்கு நடுவில், அடுக்களை வரவேண்டிய இடத்தில் தோண்டினார். கட்டியை நனைத்து வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"வெயில் வரணும். மேகத்துல பாத்தா நிறம் சரியா தெரியாது. இன்னொரு தடவ நான் தப்புப் பண்ணக் கூடாது."

மூன்று பேரும் குழியைச் சுற்றி உட்கார்ந்தோம். அக்கா மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெயில் வரக் கூடாது என்றிருந்ததா, வந்து தொலையட்டும் என்றிருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாலையில் ஒரு லாரி போயிற்று. பிறகு எதுவும் போகவில்லை. நான் மௌனங்களை விரும்புகிறவன். புத்தகத்தில்கூடப் பேச்சு முடிந்து பேச்சு தொடங்கும் இடைவெளியில்தான் அதிக நேரம் நின்றுவிடுவேன். ஆனால் அந்த மௌனத்தில் ஒரு வீடு இருக்கிறதா இல்லையா என்பது தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது பேசினால் தேவலை என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன்.

அக்காதான் பேசினாள். "நீங்க வராமலே இருந்திருக்கலாமே. யாருக்குத் தெரியப்போகுது?"

"யாருக்கும் தெரியாதுதான்."

"அப்புறம் என்னத்துக்கு வந்தீங்க?"

அந்த அம்மா குச்சிகளைப் பார்த்தார். அவ்வளவு தூரம் அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். "மழை வந்தா இந்தச் சுவரு ஒரு பக்கமா எறங்கும். நீங்க அவரைத் தூக்கிட்டு எங்க போவீங்க?"

வெயில் வந்தது. அவர் கட்டியை எடுத்துப் புத்தகத்தின் பின்னால் பிடித்து, மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு புத்தகத்தை அப்படியே அக்காவின் பக்கம் நீட்டினார். ஓட்டையில் தெரிந்த மண்ணும் அருகிலிருந்த அட்டையும் ஒரே நிறம். சாம்பல். நடுவில் துருப்பிடித்த ஆணி வரைந்தது போலச் செம்மஞ்சள் கீற்றுகள். எதுவும் படிக்காதவர்களுக்கும் தெரியும்படி இருந்தது.

அக்கா எழுந்து போய் நாலு குச்சிகளையும் பிடுங்கினாள். எறியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு சாலைக்கு நடந்தாள்.

பில்டரின் அலுவலகத்தில் கண்ணாடி மேசை மேல் எங்கள் நிலம் இருந்தது. தக்கைத் தரை, தீப்பெட்டி அளவு வீடுகள், பச்சைப் பஞ்சு மரங்கள். எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். அத்தானை நானும் வாடகை வண்டி ஓட்டுநரும் பிடித்துக் கூட்டி வந்தோம். அந்த அம்மா ஓரமாக நின்றார்.

"என்ன மேடம், போன தடவ சரின்னீங்க, இப்ப தப்புங்கறீங்க" என்றார் பில்டர். "நாளைக்கு வேற கண்ணாடி வாங்கினா மறுபடி மாத்துவீங்களா?"

"தப்பு என்னோடது. எழுத்துல கொடுத்துட்டேன். திரும்பப் பாத்ததுக்கு உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன். ஆனா கீழ்ப்பக்கம் கட்டக் கூடாது."

பில்டர் பெருமூச்சு விட்டுக் கீழ் வரிசை வீடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேசை ஓரத்தில் அடுக்கினார். அக்காவின் வீடும் அதில் ஒன்று.

"மேட்டுல வர்ற வீடெல்லாம் படி வச்சதுதான்மா, சரிவு அப்படி. படி வேணாம்னா ஒண்ணு பண்ணலாம். டவுன்ல என்கிட்ட ஒரு ஃப்ளாட் இருக்கு. ரெண்டாவது மாடி. லிப்ட் அப்புறமா வரும்."

அத்தான் சிரித்துவிட்டார். "ரெண்டாவது மாடியிலேருந்து ரெண்டாவது மாடிக்கா? அதுக்கு எதுக்குங்க சாமானெல்லாம் கட்டணும், இருக்கற எடத்துலயே இருந்துக்கறேன்."

யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார். அக்கா அந்த அம்மாவைத்தான் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன், அவள் முகம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவள் பில்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், இந்தம்மா வாயத் தொறக்காம இருந்திருந்தா அந்த வரிசையெல்லாம் கட்டி வித்திருப்பீங்க. இல்லையா?"

"ஆமா."

"மொத மழையில சுவரு பிளந்ததும் அத்தன பேரும் யாரு வாசல்ல வந்து நிப்பாங்க? இந்தம்மா வாசல்லயா, உங்க வாசல்லயா?"

பில்டர் ஓரத்தில் அடுக்கியிருந்த வீடுகளைப் பார்த்தார்.

"அப்ப அவங்க காப்பாத்துனது எங்கள மட்டுமில்ல. உங்களுக்கு அவங்க பண்ணின நல்லதுக்கு, நீங்க எங்களுக்குப் பண்ணிடுங்க. கணக்கு நேராயிடும்."

"என்னம்மா இது, நியாயம் எங்கேயோ சுத்தி வருது?"

"சுத்தி வந்தாலும் வந்து சேருதில்ல?" என்றாள் அக்கா. "மேட்டுல மொத வீடு எங்களுக்கு. சரிவை வெட்டி, ரோடு எந்த மட்டமோ அந்த மட்டத்துல வாசல் வைங்க."

அந்த முதல் வீடு முனை வீடு. நல்ல விலைக்குப் போகும் என்று பில்டர் ஒதுக்கி வைத்திருந்தார். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறியில் பஞ்சு மரங்கள் அசைந்தன. பிறகு மேசை ஓரத்திலிருந்த அக்காவின் வீட்டை எடுக்காமல், முனை வீட்டின் மேல் விரலை வைத்து, "சரி, இது உங்களோடது. உங்க அக்கா வக்கீலுக்குப் படிச்சாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல சார். அவ பேச ஆரம்பிச்சதுலேருந்து நான் பேசறத நிறுத்திட்டேன்" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாவும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அத்தான் வண்டிக்குள்ளிருந்து, "ஏம்மா, மண்ணம்மா, வீட்டுக்கு ஒருநாள் வரணும். படியேற வேண்டியதில்ல, இனிமே" என்றார். தான் வைத்த பெயர் வாய்தவறி வந்துவிட்டதை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அக்காவும் அத்தானும் இப்போது முனை வீட்டில் இருக்கிறார்கள். அத்தானின் முட்டி சரியாகவில்லை. ஆனால் தினமும் வெளியே வந்து தெருமுனை வரை நடந்து திரும்புகிறார். பில்டர் நினைத்ததில் பாதி வீடுகள்தான் கட்டினார், எல்லாம் விற்றுப்போயின. கீழ்ப்பக்கத்தில் யாரும் கட்டவில்லை. மழைக்காலத்தில் அங்கே நீர் நிற்கிறது, கோரை முளைக்கிறது. அந்த அம்மா நிறுவனம் மாறினார். இன்னும் அதே வேலைதான் பார்க்கிறார், வருடத்துக்கு ஒருமுறை வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். நான் அச்சகத்திலேயே இருக்கிறேன், என் பங்கில் வந்த சிறு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.