எப்போதும் மூன்று மணி நேரத்தில் வரும் புயல்

அந்த ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில், வனுவாட்டுக் கடலிலுள்ள லமோரு தீவில் ஒரே நேரத்தில் நாற்பத்து மூன்று புயல்கள் அடித்தன. அதில் ஒன்றுகூட ஒரு வீட்டு வேலியைத் தாண்டவில்லை. படகுக்காரன் கல்மெத் வீட்டு முற்றத்தில் சுழன்ற காற்று கெட்டிலையும் இரண்டு கோழிகளையும் தூக்கிக் கூரைமேல் வைத்தது. சர்ச் மூப்பர் பக்கோவா வீட்டில் வாழை பத்துக்கு எட்டு சாய்ந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே போகிற பாதையில் ஒரு கிழட்டு நாய் வெயிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது, அதன் மீசைகூட அசையவில்லை. கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோலக் கிடந்தது. ஆனால் காற்றுக்குள் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அதே கடல் கொந்தளிப்பாகத் தெரிந்தது என்பதால், எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தீவில் மொத்தம் நாற்பத்து நான்கு வீடுகள். காற்று வராத ஒரே வீடு தலைவர் மாசிங் வீடு. அவருடைய போன் கிறிஸ்துமஸ் அன்று கவா என்ற வேர்ச்சாறு கரைத்த சட்டியில் விழுந்து செத்துப்போயிருந்தது.

மற்ற போன்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன, அவற்றுக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுப்பவள் லெய்மாரா. கடைத்தெரு என்று சொல்லத்தக்க ஒரே புளியமரத்தடியில், கூரைமேல் சோலார் தகடு போட்ட ஒரு குடிசை அவளுக்கு இருந்தது. தீவில் எல்லோருடைய எண்ணும் அவளிடம் உண்டு, எல்லோருடைய சங்கதியும் உண்டு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அவள் தங்கை சேராவின் புருஷன் யோனாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவன் ஆஸ்திரேலியாவில் ஆப்பிள் பறிக்கப் போயிருந்தான். தகரக் கூரைகள் காகிதமாகப் பறக்கும் ஒரு படம், கீழே நாலு வரி. இன்னும் மூன்று மணி நேரத்தில் இதுவரை யாரும் காணாத புயல், ரேடியோ சொல்லாது, மறைக்கிறார்கள், படகு எடுக்காதீர்கள், வேண்டியவர்களுக்கெல்லாம் உடனே அனுப்புங்கள். நிறைமாதமாக இருக்கிற பெண்டாட்டியை நினைத்துப் பதறிப்போய் அனுப்பியிருந்தான் பாவம். லெய்மாரா படித்து முடித்த கையோடு நாற்பத்திரண்டு வீட்டுக்கும் அனுப்பிவிட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் போன் சிணுங்கிய அதே நிமிடம் அந்த வீட்டு முற்றத்தில் காற்று எழுந்தது. அவள் வீட்டில் அதற்கு முன்பே எழுந்திருந்தது.

மூன்று மணி நேரம் என்றால் பாய் படுக்கையை உள்ளே எடுக்க வேண்டும், லாப்லாப் என்ற இலை அடைக்குத் துருவிய கிழங்கை மூட வேண்டும், பன்றியைக் கட்ட வேண்டும். அதற்காக லெய்மாரா பழைய அலாரம் கடிகாரத்தை மூன்று மணி நேரத்துக்கு வைத்தாள். அது அடித்தபோது பெரிய புயல் வரவில்லை. செய்தியை எடுத்துப் பார்த்தாள், இன்னும் மூன்று மணி நேரம் என்று இருந்தது. மறுபடி வைத்தாள். புதன் முழுக்க, வியாழன் முழுக்க வைத்துக்கொண்டே இருந்தாள். கடிகாரம் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தாளே தவிர, வேறெதையும் அவள் சந்தேகப்படவில்லை. தீவில் யாருமே சந்தேகப்படவில்லை. தேதி போடாத அந்தச் செய்தி எப்போது எடுத்துப் படித்தாலும் புத்தம் புதிதாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சேரா, கால்கள் வீங்கி, தலைவலி தாங்காமல், கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். மருந்தகத்து நர்ஸ் ரெபேக்கா வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள், பார்த்த முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, இன்னைக்கே பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடணும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அங்கேருந்து படகு கேட்டேன், அது வடக்கே போயிருக்காம், நாளைக்குத்தான் திரும்புமாம்" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "ஆனா மூணு மணி நேரத்துல புயல் வருதே, எப்படிப் போவீங்க?" என்று அவளும் கேட்டாள்.

லெய்மாரா கல்மெத் வீட்டுக்கு ஓடினாள். அவன் அவளுக்குக் கொழுந்தன் முறை. அவனுடைய படகு ஈரப்பலா மரத்தடிவரை மேடேற்றிக் கட்டப்பட்டிருந்தது, திரும்பக் கடலுக்கு இறக்கப் பன்னிரண்டு ஆள் வேண்டும். கல்மெத் கதவை ஒரு விரற்கடை திறந்து பேசினான்.

"மதினி, பெரிய தீவுக்கு நாலு மணி நேரம். புயலோ மூணு மணி நேரத்துல வருது. நடுக்கடல்ல அது எனக்கு மாலை போட்டு வரவேற்கவா?"

"இதையேதானேய்யா செவ்வாய்க்கிழமையிலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கே!"

"செவ்வாய்க்கிழமையிலேருந்து அது மூணு மணி நேரத்துலதானே வருது?" என்றான் கல்மெத், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அவன் கதவைச் சாத்திவிட்டான். லெய்மாரா பாதையில் பத்தடி நடந்து, தூங்கும் நாயின் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள். கடிகாரம் கெட்டுப்போகவில்லை. மூன்று நாளாக ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்த ஒரே பொருள் அவள் வீட்டில் அதுதான். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் தங்கையின் வீங்கிய கால்கள் நினைவுக்கு வந்து அழுகை வந்தது. நின்று பார்த்தபோதுதான் வேலிக்கு வெளியே ஓர் இலையும் அசையவில்லை என்பதையும் கவனித்தாள்.

தலைவர் மாசிங் தன் முற்றத்தில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் புயல் வரைபடம் தொங்கியது, கட்டம் கட்டமாக, மேலே எழுத்தும் பக்கத்தில் எண்ணும் போட்டு. புயல் வந்தால் ரேடியோ கட்டத்தின் பெயரைச் சொல்லும், அவர் அதில் ஒரு சோழியை ஒட்டுவார். சோழி மேசைமேல் சும்மா கிடந்தது. "மூணு நாளா எல்லாரும் ஏன் கதவைச் சாத்திக்கிட்டு இருக்கீங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். என்மேல ஏதும் கோபமா?" என்று கேட்டார். பத்து மணிச் செய்தி வந்தது. எந்தக் கட்டத்திலும் புயல் இல்லை, இன்று மாலைவரை லேசான தென்கிழக்குக் காற்று என்று நேரத்தோடு சொன்னார்கள். லெய்மாரா தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள், தான் அனுப்பியதையும் மறைக்காமல் சொன்னாள்.

லமோருவில் பொய்ச் சொல்லைச் சுமந்தவர், அதை எந்தெந்த வாசலில் இறக்கினாரோ அந்தந்த வாசலுக்கு ஒரு தாழம்பாய் அபராதம் தர வேண்டும். மாசிங் தலையைச் சொறிந்தார். "பாயை அப்புறம் மெதுவா முடைஞ்சு குடும்மா. மொதல்ல வச்ச சொல்லைப் போய் எடுத்துட்டு வா. வச்ச வாசல்லேருந்துதான் எடுக்கணும்" என்றார். வரைபடத்தை ஆணியிலிருந்து கழற்றி, சோழியோடு அவள் கையில் கொடுத்தார்.

நடப்பதற்குச் சோம்பல்பட்டோ, நேரமில்லை என்றோ, லெய்மாரா முதலில் போனிலேயே எடுத்துவிடப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை அனுப்பியது பொய் என்று நாற்பத்திரண்டு பேருக்கும் தட்டிவிட்டாள். உடனே பதில்கள் குவிந்தன. உனக்கு யார் காசு கொடுத்தது என்றார்கள் சிலர், உன் போனைத் திருடன் எடுத்துவிட்டான் என்றார்கள் சிலர். காற்று எல்லா முற்றத்திலும் ஒரு சாண் உயர்ந்தது. பிறகு மூப்பர் பக்கோவாவின் வேலியருகே நின்று, "பொய்யி மூப்பரே, எல்லாம் பொய்யி!" என்று கத்தினாள். "அப்போ மூணு நாளா பூட்டிக்கிட்டு உள்ளே இருந்த நான் என்ன மடையனா?" என்று பக்கோவா உள்ளேயிருந்து கத்தினார். அவர் கேட்டது நியாயம்தான். காற்று அவர் வீட்டுக் கதவைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் போட்டது.

கதவு போனதால் லெய்மாரா உள்ளே போனாள். போய்க் கத்தவில்லை, அவர் எதிரில் உட்கார்ந்தாள். "மடைச்சி நான்தான் மூப்பரே. பார்க்காம உங்களுக்கு அனுப்பினேன். உங்களுக்கு ஒரு பாய் தரணும், தரேன்" என்றாள். நான் இதை என்றைக்கு அனுப்பினேன் என்று கேட்டாள். செவ்வாய் என்றார். இன்றைக்கு என்ன கிழமை என்றாள். வெள்ளி என்றார். அப்படியானால் மூன்று மணி நேரம் எப்போது முடிந்தது என்றாள். பக்கோவா விரலை மடக்கி எண்ணினார், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. காற்று எதையோ மறந்துவிட்டதுபோல ஒரு சுற்றுத் தடுமாறியது. அவள் வரைபடத்தை விரித்து, சோழியை அவர் கையில் கொடுத்து, புயல் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதில் நீங்களே வையுங்கள் என்றாள். அவர் செய்தியை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தார். கட்டம் இல்லை, தேதி இல்லை, யார் சொன்னது என்ற பேரும் இல்லை. சோழியோடு அவரை வேலிக்கு வெளியே கூட்டிப்போய்க் கடலைக் காட்டினாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முற்றத்தில் காற்று விழுந்து, சருகுகள் இருந்த இடத்தில் உட்கார்ந்தன.

அதன்பின் ஒவ்வொரு வீடாக இதுவே நடந்தது. சில வீட்டில் சீக்கிரம், சில வீட்டில் திட்டு வாங்கி, ஒரு வீட்டில் மீன் டப்பா தலையில் விழுந்து. காற்று நின்ற வீட்டு ஆண்கள் அவள் பின்னால் வந்தார்கள். பதினோரு ஆள் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. கல்மெத் வீட்டுக்கு வந்தார்கள். அவன் வீட்டில்தான் காற்று எல்லாவற்றிலும் முரடாக இருந்தது, படகு இருக்கிற வீடு அல்லவா.

"மூணு நாளா நாற்பத்திரண்டு வீடும் புயல்னு சொல்லிச்சு மதினி. இன்னைக்கு நீ வந்து இல்லேங்கறே. நான் யாரை நம்பறது?" என்றான்.

"அடப்பாவி, அந்த நாற்பத்திரண்டு வீட்டுக்கும் சொன்னதே நான்தான்யா! உன் மதினி ஒருத்தி வாயிதான் இத்தனை வீட்டுல பேசிக்கிட்டு இருக்கு!"

கல்மெத் சோழியை வாங்கி, வரைபடத்தின் எல்லாக் கட்டத்திலும் தேடி, வைக்க இடமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டி வந்தான். கடலைப் பார்த்தான். "சே, நாலு நாள் மீன் போச்சே!" என்றான். கூரைமேலிருந்த கோழிகள் தாமாகவே இறங்கின.

பன்னிரண்டு பேர் படகை இறக்கினார்கள். பன்னிரண்டரைக்குச் சேராவைத் தலையணை வைத்துப் படுக்கவைத்து, ரெபேக்காவும் லெய்மாராவும் ஏறிக்கொள்ள, கல்மெத் எஞ்சினைக் கிளப்பினான். நாலு மணி நேரமும் கடலில் ஒரு நுரைகூட இல்லை. பாதி வழியில் அவன் போன் சிணுங்கியது. இன்னும் மூன்று மணி நேரத்தில் என்று யாரோ ஒரு சித்தப்பா வேறொரு தீவிலிருந்து அனுப்பியிருந்தார். கல்மெத் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி, "இது எப்போ எழுதினது சித்தப்பா, யார் சொன்னது?" என்று திருப்பிக் கேட்டான். பதில் வரவில்லை. படகைச் சுற்றியும் எந்தக் காற்றும் எழவில்லை. மறுநாள் காலை சேராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவுதான், ஆனால் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற குரல். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு, லெய்மாரா யோனாவுக்குப் போன் போட்டாள். யோனா போனில் அழுதான். பயத்தில் அனுப்பிவிட்டேன் என்றான். "பயத்தை அனுப்பாதடா, டீத்தூள் அனுப்பு" என்றாள் லெய்மாரா. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அவன் தன் பங்கு அபராதமாக ஒரு பன்றியைத் தலைவர் வீட்டு வாசலில் கட்டிவிட்டுப் போனான்.

லெய்மாரா ஊர் திரும்பி மீதி வாசல்களுக்கும் போனாள். எல்லா வீட்டுக் காற்றும் அடுத்த வாரத்துக்குள் நின்றது, அவள் வீட்டுக் காற்றைத் தவிர. அவள் எல்லோர் வாசலுக்கும் போனாளே தவிர, அவள் வாசலுக்கு யாரும் வரவில்லை. பிறகு யாரோ வந்து பேசியபோது அந்தக் காற்று வீட்டுக்குப் பழகிவிட்டிருந்தது. பன்றிப் பட்டியளவு சின்னக் காற்று, முற்றத்தின் மூலையில் சுற்றிக்கொண்டு கிடந்தது. அபராதப் பாய்களுக்குத் தாழை மடலைக் கீறி அதில் போட்டாள், ஒரு வாரத்தில் காய்வது ஒரே நாளில் காய்ந்தது. மற்ற பெண்களும் மடலைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு வரைபடமும் ஒரு சோழியும் வந்தன.

மூன்று ஆண்டு கழித்து மார்ச் மாதத்தில் நிஜமான புயல் கிளம்பியது. இனிமேல் எதையுமே இவர்கள் நம்ப மாட்டார்களே என்றுதான் மாசிங் கவலைப்பட்டார். ரேடியோ கட்டத்தைச் சொன்னது, நேரத்தைச் சொன்னது. நாற்பத்து நான்கு வீட்டிலும் அவரவர் கையால் சோழியை வைத்தார்கள். இந்தப் புயல் நகர்ந்தது. பதினெட்டு மணி நேரத்தில் என்றது பதினைந்தாயிற்று, பன்னிரண்டாயிற்று, சோழி கட்டம் கட்டமாக லமோருவை நோக்கி வந்தது. ஒன்பது மணி நேரம் இருக்கும்போது கல்மெத் யாரும் கேட்காமலே படகை மேடேற்றினான். ஆறு மணி நேரம் இருக்கும்போது தீவு முழுக்கச் சர்ச்சின் கான்கிரீட் கட்டடத்துக்குள் இருந்தது. மூன்று மணி நேரம் என்று ரேடியோ சொன்னபோது எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த மூன்று மணி நேரத்தில் அது வந்தது. இருபத்தாறு கூரை போயிற்று, தோட்டம் போயிற்று. ஆள் எண்ணிக்கையில் ஒன்றும் குறையவில்லை, சேராவின் மகள் எல்லாவற்றையும் தூங்கியே கழித்தாள்.

லெய்மாராவின் சின்னக் காற்று அந்த இரண்டு நாளும் கட்டிலடியில் புகுந்துகொண்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வெயில் வந்ததும் அதுவும் வந்தது. தீவில் உலர்ந்த துணி என்று ஒன்றுகூட இல்லாததால், எல்லோரும் பாய், போர்வை, வேதப்புத்தகம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அவள் முற்றத்துக்கு வந்து வரிசையில் நின்றார்கள். குழந்தை இருக்கிற வீட்டுக்கு முதலில் என்று லெய்மாரா சொன்னாள். சனிக்கிழமைக்குள் தீவு முழுவதும் காய்ந்துவிட்டது.