கட்டிங் மாஸ்டர் கையெழுத்துப் போட்ட நான்கு நாட்கள்

கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலைத் தூக்கியபோது காலை பத்து மணி. அது துணியில் இறங்கியபோது பிற்பகல் மூன்று. மின்விசிறி ஓடாத கடையில் அவருடைய தலைமுடி மட்டும் காற்றில் அலைந்தது, கழுத்தில் கிடந்த இஞ்சு டேப் பின்னால் பறந்துகொண்டிருந்தது. மிஷினில் உட்கார்ந்திருந்த மச்சினனுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. பதினொரு வருடமாக இருவரும் தைத்துக்கொண்டே சண்டை போட்டுவந்தார்கள். மாஸ்டருக்குப் பிடித்த இயக்குநரின் படத்தில் கதாநாயகன் காரிலிருந்து ஒரு காலைக் கீழே வைக்கவே ஆறு நிமிடம் ஆகும். மச்சினனுடைய இயக்குநர் அதற்குள் மூன்று பாலங்களை வெடிக்கவைத்து, கதாநாயகியைக் கடத்தி, மீட்டு, பாட்டையும் முடித்துவிடுவார். இருவர் படமும் நூறு நாளைத் தாண்டி ஓடியதால் வசூலை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் வழியில்லை. வாதத்தில் தோற்றவர் அன்றைய சட்டைகளுக்கெல்லாம் காஜா எடுக்க வேண்டும் என்பது கடை வழக்கம். அன்று காலை மச்சினன், “உங்க ஆளு படத்துல ஸ்லோமோஷனை எடுத்துட்டா முக்கா மணி நேரம்கூடத் தேறாது மாமா. அதுலயும் பாதி நேரம் பேர் போடுறாங்க” என்றான். “போடா அவசரக்குடுக்கை, நிதானம்னா என்னன்னு காட்டவா?” என்றார் மாஸ்டர். காட்டிவிட்டார்.

நாடி பிடித்த டாக்டர் முதல் துடிப்புக்கும் இரண்டாவது துடிப்புக்கும் நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். பசியும் மெதுவாகவே எடுத்ததால் வாரத்துக்கு ஒரு கவளம் போதுமாயிருந்தது. மாஸ்டரின் மனைவிக்குக் கவலை வேறு. மகளின் பதிவுத் திருமணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. கொடுத்திருந்த அறிவிப்பு திருமண நாளான வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு காலாவதியாகும். மாப்பிள்ளை அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை கப்பல் வேலைக்குப் போகிறவர். திரும்ப மூன்று வருடம். மகளோ, அப்பா சாட்சிக் கையெழுத்துப் போடாத கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள். “எல்லாம் உன் வாயால வந்தது. உன் ஆளு இப்ப எங்க? வந்து ஒரு பாலத்தை வெடிக்கவைக்கச் சொல்லு, இவரு நகருறாரான்னு பாப்போம்” என்று அக்கா தம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான்கு பேர் மாஸ்டரைத் தூக்கிப் பார்த்தார்கள். தூக்கியவர்களுக்கும் முடி பறக்க ஆரம்பித்தது. அவர்கள் கையை விடுவித்துக்கொள்ள மறுநாள் ஆயிற்று. கடையிலிருந்து பதிவு அலுவலகம் பத்து நிமிட நடை. மனைவி கணக்குப் போட்டு, அவரை அன்று மாலையே கிளப்பிவிட்டாள்.

பத்தொன்பது நாள் நடந்தார். குறுக்குச் சாலையைக் கடக்க ஒரு பகல் முழுக்க ஆனது; போக்குவரத்துக் காவலர் ஒரு கையால் வண்டிகளை நிறுத்தியபடியே மறு கையால் சாப்பிட்டார். வழியெல்லாம் விசிலடித்த கூட்டம், அவர் எந்தக் காலை எடுத்து வைப்பார் என்று காத்திருந்தது. “டேய்” என்று அவர் மச்சினனைக் கூப்பிட ஆரம்பித்தது பதிவு அலுவலகத்தின் இரண்டாம் படியில். முடித்தது ஏழாம் படியில். வெள்ளிக்கிழமை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பேனா முனை பதிவேட்டைத் தொட்டது. மூன்று இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அலுவலர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மச்சினனிடம் திரும்பினார்.

“அஞ்சு மணிக்குள்ள முடியலன்னா செல்லாதுங்க. நான் உங்க கட்சிதான், எனக்கும் வேகமான படம்தான் பிடிக்கும். அதுக்காகச் சட்டத்தை மாத்த முடியுமா?”

மச்சினன் அக்காவைப் பார்த்தான், அக்கா மகளைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“சார், மாமாவோட அந்த இயக்குநர் படத்துல ஹீரோ கார்ல இருந்து இறங்குறாரே, ஆறு நிமிஷம். இறங்கி முடிச்சாரான்னு எவனாவது கேட்டிருக்கானா? ஷூ வெளிய தெரிஞ்சதுமே தியேட்டர் எழுந்து நிக்குது. வில்லன் அப்பவே ஓடுறான். சார், அந்த ஆளு படத்துல ஆரம்பிச்சாலே நடந்தது மாதிரிதான். அதனாலதான்… அதனாலதான் அவர் பெரிய ஆளு.”

கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவன் முகம் கசாயம் குடித்ததுபோல இருந்தது. அலுவலர் யோசித்தார். அந்தக் காட்சிக்குத் தானும் எழுந்து நின்றதை ஒப்புக்கொண்டார். கையெழுத்து ஐந்துக்குள் ஆரம்பித்துவிட்டது, எனவே போட்டாயிற்று என்று தீர்ப்பளித்து, பேனா ஓடும்வரை பதிவேட்டை மூடக் கூடாது என்பதால் பாயும் தலையணையும் வரவழைத்துக்கொண்டார். மாஸ்டரின் உதட்டோரம் அசைந்தது. அது சிரிப்பு என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

திங்கள் நண்பகலில் மூன்றாவது கையெழுத்தின் கடைசிப் புள்ளி விழுந்தது, மகள் தன் கையெழுத்தை அரை நொடியில் போட்டாள், மாப்பிள்ளை மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். பதிவேட்டில் திருமணத் தேதிக்கு விட்டிருந்த கட்டம் சின்னது. ‘வெள்ளி முதல் திங்கள் வரை’ என்று அலுவலர் பொடி எழுத்தில் எழுதினார். பின்னாளில் தணிக்கைக்கு வந்தவர்கள் அந்த வரியில் விரலை வைத்து நிறுத்துவார்கள், சாட்சியின் பெயரைப் படிப்பார்கள், “ஓ, அவரா” என்று அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்கள்.